தீர்த்தன் ஆற்றில் ட்ரௌட் சீசன் திறந்த வாரம்

ஹிமாச்சலின் தீர்த்தன் ஆற்றுக்கு, குளிர்ந்த மலை நீரில் வாழும் ட்ரௌட் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் போய் வந்த கதை இது. அங்கே போகப் பேருந்திலிருந்து இறங்க வேண்டிய ஊர் ஔட். அந்த ஊரில் நிற்கும் டாக்சிக்காரர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்து, சுரங்கப்பாதைக்கு முன்னால் இருட்டிலேயே நம்மை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஆற்றங்கரை ஊரான குஷைனிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அதற்கு ஒருவர் 3,000 ரூபாய் கேட்டார். கேட்டால், சீசன் தொடங்கிவிட்டதாம். மார்ச் முதல் வாரம், அந்தக் குளிரில் எங்களைத் தவிர ஒரு பயணி கிடையாது! சண்டிகரில் வேலை பார்க்கும் என் மச்சினன் இந்தியில் மல்லுக்கட்டி 2,200 வரை இறக்கினான். "மாமா, ஏறிடலாம், குளிருது" என்றான். எனக்கு மனசு வரவில்லை. டீக்கடையில் காத்திருந்து பஞ்சார் போகும் உள்ளூர்ப் பேருந்தைப் பிடித்தோம், அங்கே மாறிக் குஷைனி. இரண்டு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. ஜன்னல் மூடாது, இருக்கை ஆடும், வளைவுக்கு வளைவு வயிறு புரளும். இருந்தாலும் பேருந்தில்தான் போகச் சொல்வேன்.

ஹிமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரௌட் பிடிக்கத் தடை. அது மீன் முட்டையிடும் காலம். மார்ச் 1 அன்று ஆறு திறக்கும். மீன்வளத் துறையில் ஒரு நாளைக்கு 100 ரூபாய் கட்டினால் உரிமச் சீட்டு தருகிறார்கள். சீட்டு இல்லாமல் தூண்டில் போடாதீர்கள்; இந்த மீன் மிச்சமிருப்பதற்கே இந்தக் கட்டுப்பாடுதான் காரணம். தூண்டில், நரம்பு சுற்றும் ரீல் இவற்றின் வாடகையும் கூட வந்த உள்ளூர்த் தம்பியின் கூலியும் 1,500 ஆனது. கை கொஞ்சம் கடித்தது. ஆனால் அவர் இல்லாமல் போயிருந்தால் நாள் முழுக்கப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

சீசன் தொடக்கத்தில் போவதில் பெரிய சுகம் ஒன்று உண்டு. விடியலில் எழுந்து ஓட வேண்டாம். தண்ணீர் அவ்வளவு குளிராக இருப்பதால் காலையில் மீன் அசையாமல் ஆழமான மடுக்களில் கிடக்கும். பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறி, பூச்சிகள் பறக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்குப் பசிக்கிறது. அதுவரை நாங்கள் கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். பனி உருகிய வெள்ளம் இன்னும் வராததால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. ஏப்ரல் கடைசியில் தண்ணீர் ஏறிக் கலங்கிவிடும் என்றார் தம்பி.

அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மனதில் அப்படியே நிற்கிறது. ட்ரௌட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். மிதந்து வரும் இரை நேராக வாய்க்கு வர வேண்டும் அல்லவா. அதனால் நாம் கீழிருந்து, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடத்துக்கு மேலே ஸ்பின்னரை (தண்ணீரில் சுழலும் உலோகப் போலி இரை) வீசி, மெதுவாகச் சுற்ற வேண்டும். மதியத்துக்குச் சற்று முன் தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. கத்திவிட்டேன்! ஒரு சாண் நீளப் பழுப்பு ட்ரௌட். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர் வளையம். படங்களில் இந்த நிறம் வருவதே இல்லை. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், இல்லாவிட்டால் மேலிருக்கும் வழவழப்புப் படலம் போய் மீன் நோயில் விழும். தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டோம்.

இந்த ஆறு இப்படி ஓடுவது தானாக நடந்ததில்லை. ஔட் பக்கத்தில் லார்ஜியில் பியாஸ் ஆற்றை 126 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கி வைத்திருப்பதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். தீர்த்தனிலும் மின் திட்டங்கள் வரவிருந்தன. பஞ்சார் தொகுதியின் முன்னாள் எம்எல்ஏ திலாராம் ஷபாபும் ஊர்க்காரர்களும் போராடி நிறுத்தினார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

சரி, சாப்பாடு. ஆற்று மீனை விட்டுவிட்டதால் தட்டில் வந்தது பண்ணையில் வளர்ந்த ரெயின்போ ட்ரௌட். நார்வே உதவியோடு குல்லு பக்கம் வளர்ந்த தொழில் இது. மஞ்சள், ஓமம், உப்பு தடவி, கடுகெண்ணெயில் தோல் மொறுமொறுக்கும் வரை பொரித்திருந்தார்கள். கடுகெண்ணெய் நாற்றம் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த மச்சினன் இரண்டாவது மீன் கேட்டான். முள் நடுவில் ஒரே சரமாக வந்துவிடும், நெத்திலிக் குழம்பு சாப்பிடும் நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. கூடவே சித்து: கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தது, மேலே நெய். ஒரு மீன் 600 ரூபாய். இந்தப் பயணத்தில் யோசிக்காமல் கொடுத்த பணம் அதுதான்.

தங்குமிடம் இரவுக்கு 1,200. மார்ச்சில் பேரம் படியும், கேளுங்கள். பஞ்சாரிலேயே கையில் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத ஷூ கட்டாயம், அந்தப் பாறைகளில் சாதா ஷூவோடு இறங்கக் கூடாது. மழைக்குப் பிறகு, செப்டம்பர், அக்டோபரில் ஆறு மறுபடி தெளியுமாம். மச்சினன் இப்போதே லீவு போட்டுவிட்டான், நான் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.