கிணறு வெட்டேக்க கண்ட மண்

வவுனியாவில எங்கட பின்வளவில கிணறு வெட்டுறம். மேல ரெண்டு முழம் செங்கபில மண், பிறகு கிறவல், அதுக்குக் கீழ உக்கின கல். அதில ஒரு துண்டைக் கையில எடுத்தன். பாறையின்ர வரிக்கோடு அப்பிடியே கிடக்குது. ஆனா விரலால நசுக்க மாவாய் உதிருது, இடையில காக்காப்பொன் மினுங்குது. கல் மண்ணாகிறதைப் பாதி வழியில பிடிச்ச மாதிரி இருந்தது.

"இன்னும் நாலு முழம் போனா கருங்கல்தான் தம்பி" எண்டார் அலவாங்கு போட்ட அண்ணை.

அந்தக் கருங்கல் 50 கோடி வருசத்துக்கு மேல பழசு. மழைத்தண்ணி கரியமிலவாயுவைக் கரைச்சு, மெல்லிய அமிலமாய் வெடிப்புக்குள்ள இறங்குது. கல்லில இருக்கிற பெல்ட்ஸ்பார் எண்ட கனிமம் களியாகுது. இரும்பு துருப்பிடிச்சு மண் சிவக்குது. குவாட்ஸ் எண்ட கனிமம் மட்டும் லேசில கரையாது, மணலாய் மிஞ்சும். பாலை மரத்து வேரும் தன்ர பங்குக்குக் கல்லைப் பிளக்கும். மாரி வெள்ளம் நுண்களியை அரிச்சுப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும், அங்க தண்ணி தேங்கிக் காத்துப் படாததால இரும்பின்ர சிவப்பும் போயிடும். அதாலதான் மேட்டில செம்மண், குளத்துக்குக் கீழ வயலில காலில ஒட்டுற சாம்பல் களி.

ஒரு அங்குல மண் உண்டாகப் பல நூறு வருசம் வேணும். ஒழுங்கைக்கு அங்கால டிப்பர் ஒரு காலைக்குள்ள கிறவலை அள்ளிப்போட்டுது. மேல்மண் இல்லாத அந்தக் கிடங்கைப் பார்க்க வயிறு எரியுது. மாரிக்கு முன்னம் விளிம்பில இலுப்பை வைக்கப்போறன். இலுப்பைக் கண்டு இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன்.