புஜ்ஜிக்கு ஹார்ட் மர்மர்: சத்தம் கேட்டதிலிருந்து மாத்திரை வரை

நாய்க்கு ஹார்ட்டில் மர்மர், அதாவது துடிப்போடு சேர்ந்து ஒரு இரைச்சல், கேட்கிறது என்று டாக்டர் சொன்னதும் யார் வாயிலும் முதலில் வருவது "இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்கிற கேள்விதான். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கேட்டே விட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "ஏனுங்கம்மா, சத்தம் கேக்குதுன்னுதானுங்க சொன்னேன், எதனால வருதுன்னே இன்னும் பாக்கல, அதுக்குள்ள எதுக்குங்க வெசனப்படறீங்க?" என்றார். சத்தம் கேட்டதற்கும் மாத்திரை தொடங்கியதற்கும் நடுவில் எங்களுக்கு ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. அந்த இடைவெளியில் என்ன செய்தோம் என்பதை எழுதினால் வேறு யாருக்காவது உதவும்.

புஜ்ஜியைப் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் ஸ்பிட்ஸ். எட்டு கிலோ, அப்போது வயது 9. வருசாவருசம் போடும் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். டாக்டர் புஜ்ஜியின் இடது முழங்கைக்குப் பின்னால் முடியை விலக்கி வைத்து ரொம்ப நேரம் கேட்டார், அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். "லப்-டப்" என்று கேட்கும் என நினைத்தால், "லப்" வரவேண்டிய இடத்தில் "ஷ்ஷ்" என்று காற்று பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம், ஷ்ஷ்-டப், ஷ்ஷ்-டப். ஆறுக்கு மூன்று என்று சீட்டில் எழுதினார். 1 என்றால் அமைதியான அறையில் பழகிய காதுக்கு மட்டும் கேட்பது, 4 என்றால் நல்ல சத்தம், 5க்கு நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும், 6க்கு ஸ்டெதாஸ்கோப்பைத் தோலிலிருந்து கொஞ்சம் தூக்கினாலும் கேட்கும். இது சத்தத்தின் அளவுதான், நோயின் அளவை இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

"கெணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருக்குதல்லங்க, அது சரியா மூடலைன்னா ஏத்துன தண்ணி திரும்பக் கெணத்துக்கே எறங்கீருமில்ல, அதே கதைதானுங்க" என்று அம்மாவுக்கு விளக்கினார். தோட்டக்காரருக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இதயத்தின் இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு, சின்ன ஜாதி நாய்களில் வயசாக ஆக முடிச்சு முடிச்சாகத் தடித்து, ஒழுங்காக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்னால் ஒழுகுகிறது, மேல் அறை வீங்குகிறது, வருசக்கணக்கில் தாங்கிவிட்டு ஒரு கட்டத்தில் அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பி அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. பொமரேனியன், டாஷ்ஹண்ட், கவாலியர் மாதிரி நாய்களுக்கு இது சகஜம். புஜ்ஜிக்கும் இதுவாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்கேன் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார்.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன்னால் நடந்த இரண்டு விசயங்களைச் சொல்ல வேண்டும், பெயரெல்லாம் வேண்டாம். புஜ்ஜிக்கு ரொம்ப நாளாகவே ஒரு கனைப்பு இருமல் உண்டு. ஒரு கிளினிக்கில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பே வைக்காமல் இருமல் டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் எழுதி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் நேர்மாறாக, மர்மர் காதில் விழுந்த அடுத்த நிமிசமே லாசிக்ஸ் தொடங்கச் சொன்னார்கள். லாசிக்ஸ் என்பது நுரையீரலில் நீர் சேர்ந்த பிறகு அதை மூத்திரமாக வெளியேற்றக் கொடுக்கும் மருந்து. நீரே சேராத நாய்க்குக் கொடுத்தால் உடம்பு வறண்டு கிட்னிதான் பாடுபடும். எங்கள் பக்கம் கால்நடை டாக்டர் என்றாலே மாடு, எருமை, கோழிதான். காங்கேயம் மாட்டுக்குக் கன்று திரும்பிக்கொண்டால் கைவிட்டு எடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை, நாய் ஹார்ட் அவர்கள் மேசைக்கு எப்போதோ ஒன்றுதான் வருகிறது. அதனால் ஒரு தடவையாவது எக்கோ என்கிற ஹார்ட் ஸ்கேன் பார்க்கிற டாக்டரிடம் போவது செலவானாலும் தகும் என்பது என் கட்சி.

எக்கோவுக்குக் கோயம்புத்தூர் போனோம். பார்த்தவர் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்தவர், நிதானமான மனுசர். நடுவில் ஓட்டை வெட்டிய மேசையில் புஜ்ஜியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அந்த ஓட்டை வழியாகக் கீழிருந்து ஜெல் தடவிய கருவியை நெஞ்சில் வைத்தார். அண்ணி முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், மயக்க ஊசி தேவைப்படவில்லை. திரையில் வால்வு ஒரு தடித்த துணி மாதிரி படபடத்தது, ஒழுகும் ரத்தம் கலர் கலராகத் தெரிந்தது. அவர் முக்கியமாக அளந்தது இடது மேல் அறை, பக்கத்திலிருக்கும் மகாதமனியைப் போல எத்தனை மடங்கு என்பதை. 1.6ஐத் தொட்டால் அறை வீங்கிவிட்டது என்று கணக்கு. புஜ்ஜிக்கு அதற்குக் கீழே இருந்தது. கூடவே கீழ் அறையின் அளவு, எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவு எல்லாம் பார்த்துவிட்டு "பி1" என்று எழுதினார்: வால்வு ஒழுகுகிறது, இதயம் இன்னும் பெரிசாகவில்லை, மருந்து வேண்டாம். ஆறு மாசத்திலிருந்து ஒரு வருசத்துக்குள் திரும்ப வந்து பார்க்கணும். புஜ்ஜியின் கனைப்பு இருமல் ஹார்ட்டால் வருவது இல்லை, சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து வருவது என்றும் அங்கேதான் தெரிந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு மாட்டும் பெல்ட்டுக்கு மாறியதுமே அது பாதி குறைந்தது.

வரும் வழியில் அம்மாவுக்கு ஒரே குறை. "இத்தன தூரம் வந்து ஒரு மாத்திர கூட எழுதல பாரு கண்ணு" என்றார். மாத்திரை எழுதவில்லை, வேலை கொடுத்திருந்தார். தூங்கும்போது மூச்சை எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

புஜ்ஜி படுப்பது பொடக்காணிக் கதவோரம் சிமெண்டுத் தரையில். நல்லா அசந்து தூங்கினதும், பக்கத்தில் போகாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து விலாவைப் பார்ப்பேன். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் 30 நொடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். மீசையும் காலும் துடித்தால் கனவு காண்கிறது என்று அர்த்தம், அப்போது மூச்சு தாறுமாறாக ஓடும், எண்ணக் கூடாது. வெயிலில் விளையாடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போதும் எண்ணக் கூடாது. சித்திரை வெயிலில் கரண்ட் போன மத்தியானம் எண்ணினால் எந்த நாய்க்கும் கணக்கு தப்பும், அதனால் நான் ராத்திரிச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கின பிறகுதான் எண்ணுவேன். நல்ல நிலையில் இருக்கும் நாய்க்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்கும். புஜ்ஜிக்கு 20ஐ ஒட்டியே வந்தது. அவரவர் நாயின் வழக்கமான எண்ணிக்கை தெரிந்திருப்பதுதான் இதில் பெரிசு, ஏனென்றால் நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தால் இருமலுக்கும் முன்னால் பெரும்பாலும் இந்த எண்தான் ஏறும்.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை. அரிசிம்பருப்புச் சோறு மிஞ்சினால் புஜ்ஜியின் வட்டலில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் உப்பும் இருக்கிறது, சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தசோகை வந்தால் அதுவே தனியாக ஒரு மர்மரைக் கிளப்பும். ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை வந்தால் பள்ளிபாளையம் சிக்கனிலிருந்து ஆளுக்கொரு துண்டு தூக்கிப் போடுவார்கள், அதுவும் நின்றது. கருவாடு, அப்பளம், ஊறுகாய் எண்ணெய் தொட்ட சோறு எல்லாமே வெளியே. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சோறு, கொஞ்சம் கேரட். இந்தக் கட்டத்தில் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, கூட்டாமல் இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியமாம், ஹார்ட் நாய்கள் சதை கரைந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடுமாம்.

அடுத்து வந்த எக்கோக்களில் ஒன்றில் மேல் அறை 1.6ஐத் தாண்டிவிட்டது, கீழ் அறையும் பெரிசாகியிருந்தது. பி2. வெளியே பார்த்தால் புஜ்ஜி பூனையைத் துரத்திக்கொண்டுதான் இருந்தாள். இந்தக் கட்டத்தில்தான் பிமோபென்டான் என்கிற ஹார்ட் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். 2016இல் வெளியான எபிக் ஆய்வில், இந்த நிலையில் இருந்த நாய்களுக்கு அந்த மாத்திரை கொடுத்தபோது ஹார்ட் ஃபெயிலியர் சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. இதயம் பெரிசாகாத பி1 நாய்க்கு அப்படி ஒரு பலன் நிரூபணமாகவில்லை, அதனால்தான் முதலில் எழுதவில்லை என்றார். அம்மாவின் குறைக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. காலையும் ராத்திரியும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்குப் பால் கறக்கப் போகும்போது மாத்திரை, திரும்பி வந்து சோறு என்று பழக்கிவிட்டோம்.

அப்புறம் ஒரு கார்த்திகை மாச ராத்திரி நோட்டில் 34 எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து எண்ணினால் 42. நடுராத்திரிக்கு மேல் புஜ்ஜி படுக்கவே இல்லை. வாசப்படியில் உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, வயிறு உள்ளே போய் வெளியே வர மூச்சு இழுத்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ரோசாவாக இல்லை, வெளிறிப்போய் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. டாக்டரைப் போனில் எழுப்பினோம். தண்ணீர் ஊட்டாதீங்க, கட்டிப் பிடிக்காதீங்க, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு நேரா வாங்க என்றார். போனதும் ஆக்சிஜன், லாசிக்ஸ் ஊசி. விடியற்காலையில் குளம் மாதிரி மூத்திரம் போனதைப் பார்த்து அண்ணி கைதட்டினார். மத்தியானத்துக்குள் எண்ணிக்கை 30க்குக் கீழே இறங்கிவிட்டது. முந்தைய எண்கள் நோட்டில் இருந்ததால்தான் 34லேயே கண்ணைத் திறந்து வைத்திருந்தோம்.

இது சி கட்டம், அதாவது நுரையீரலில் நீர் கோத்துவிட்ட நிலை. இப்போது பிமோபென்டானோடு லாசிக்ஸ், ஸ்பைரோனோலாக்டோன், எனாலாப்ரில். லாசிக்ஸ் தொடங்கினால் நாய் தண்ணீராகக் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும், அதற்காகத் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வைக்கவே கூடாது. கதவோரம் பழைய கோணிச்சாக்கு விரித்தாயிற்று. தொடங்கியதும் ஒன்றிரண்டு வாரத்தில் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், அதற்கப்புறம் சில மாசத்துக்கு ஒரு தடவை. எனாலாப்ரில் என்ற பெயரைப் பார்த்ததும் அம்மா, "இதேதானே எம்பட பிரசர் மாத்திர, இதுலயே கிள்ளிப் போடலாமில்ல?" என்றார். கூடாது, அளவு எடைக்கணக்கு. மனுசர் வலி மாத்திரை அதைவிட மோசம், இந்த மருந்துகளோடு சேர்ந்தால் கிட்னியை அடித்துவிடும். பங்குனியில் மாரியம்மன் பண்டிகை வேட்டுக்கும் தீபாவளிக்கும் உள் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு யாராவது ஒருவர் கூடவே இருக்கிறோம்.

நம் கதையைக் கேட்டு மற்றவர்களும் தங்கள் நாய் சீட்டைக் காட்டுகிறார்கள். எல்லாமே ஒரே சரக்கு இல்லை. மாமா வீட்டு லேப் குட்டிக்கு மெல்லிசாக மர்மர் கேட்டது, ஐந்து மாசம் ஆனதும் காணோம், குட்டிகளுக்கு அப்படி வந்து போவது உண்டு. சத்தமாகவோ விடாமலோ கேட்டால் மட்டும் பிறவிக் கோளாறா என்று உடனே எக்கோ பார்க்கணும், சிலவற்றை ஆபரேசனில் சரிசெய்துவிடலாம். பக்கத்துத் தோட்டத்து நாய்க்கு உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் இறங்கி ஈறு காகிதமாக வெளுத்து மர்மர் வந்தது, ரத்தம் ஊறினதும் மர்மரும் போய்விட்டது. பொள்ளாச்சியில் தெரிந்தவர் தோப்பில் டாபர்மேன் வைத்திருக்கிறார், அந்த ஜாதிக்கு இதயத் தசை தளர்கிற வியாதி வரும், அதில் மர்மரே கேட்காமலும் இருக்கலாம், அதனால் அவரை வருசம் ஒரு தடவை எக்கோவும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மாத்திரை விசயத்தில் ஒன்று. லாசிக்ஸ் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், பிமோபென்டான் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்குகிறோம். அட்டையில் பத்து மாத்திரை மிஞ்சும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிடுங்கள், பொங்கல் லீவு வந்தால் பார்சல் நாலு நாள் படுத்துக்கொள்ளும்.