ஏழரை மணி கவுன்டர்

மனச்சோர்வு இருப்பவர்களில் பலருக்குக் காலைதான் மோசமான பொழுது. கண் விழிக்கும்போது பாரம் உச்சத்தில் இருக்கும். வெயில் சாயச் சாயக் கொஞ்சம் இறங்கும். மனநல மருத்துவர்கள் இதை நோயின் ஓர் அடையாளமாகவே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்த உத்தியோகமோ காலை ஏழரைக்குத் தொடங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். எட்டு மணிக்குள் மருந்து கவுன்டர் வரிசை வராண்டாவைத் தாண்டிவிடும். தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறவர்கள், வேலைக்கு நேரமாவதற்குள் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கிவிட வேண்டும் என்று முண்டுவார்கள். ஆக, நான் எதற்கும் ஆகாதவள் என்று எனக்குத் தோன்றும் நேரமும், ஊருக்கு நான் ரொம்பத் தேவைப்படும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இது நல்ல பொருத்தமா கெட்ட பொருத்தமா என்று இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

மனச்சோர்வு என்றால் ஓயாமல் அழுதுகொண்டிருப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அழுகையே வராத மாதங்கள் உண்டு. வந்தால்கூடத் தேவலையே என்று இருக்கும். உடம்பு நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். குளிப்பது என்ற ஒரே வேலை, தண்ணீர் பிடிப்பது, துண்டு எடுப்பது, தலை துவட்டுவது, உடுத்துவது என்று பல வேலைகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தெம்பு தேட வேண்டும். சாப்பாட்டில் ருசி இருக்காது. யாராவது பேசினால் சத்தம் உடனே காதில் விழும், அர்த்தம் கொஞ்சம் பிந்தி வரும். இந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்குப் புத்தி மந்தமானால் அது அவளோடு போகிற காரியம் இல்லை.

அதனால் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். சீட்டில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பது. "மெட்பார்மின் 500, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, முப்பது நாளைக்கு அறுபது." அட்டையை எடுத்ததும் அதன் மேல் அச்சாகியிருப்பதை மறுபடி படிப்பது. கையில் கொடுக்கும்போது மூன்றாம் தடவை. அம்லோடிபின், அட்டெனோலால், அமிட்ரிப்டிலின் என்று பாதி மருந்து 'அ'வில் தொடங்கித் தொலைக்கிற இடத்தில் இது எல்லாரும் செய்ய வேண்டியதுதான். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஆரம்பத்தில், "அக்கா பாடம் ஒப்பிக்கிறாங்க" என்று கேலி செய்தான். பிறகு அவனும் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான். நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று இதில் இருந்தது. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனம் தன் பழைய புலம்பலைத் தொடர முடிவதில்லை. ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில் அது திரும்ப வரும், வராமல் இருக்காது. ஆனால் அதற்குள் அடுத்த ஆள் சீட்டை நீட்டிவிடுவார்.

"உனக்குப் பிடிச்சதைச் செய்யேன், எல்லாம் சரியாயிடும்." இதை எனக்குச் சொல்லாதவர் இல்லை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் அலுவலக எழுத்தர் என்று பட்டியல் பெரிது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. அதன் முதல் கேள்வியே, கடந்த இரண்டு வாரங்களில் எதைச் செய்தாலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்ததா என்பதுதான். பிடிப்பு விட்டுப்போனதுதான் வியாதியே. அந்த ஆளிடம் போய்ப் பிடித்ததைச் செய் என்றால் அவர் எதைச் செய்வார்? எனக்குப் பிடித்தவை என்று ஊரறிந்த விஷயங்கள் இருந்தன. பழைய பாட்டு, மாடித் தோட்டம், அக்கா பிள்ளைகள். அவற்றின் முன்னால் போய் உட்கார்ந்து ஒன்றும் தோன்றாமல் எழுந்து வருவது, சும்மா படுத்துக் கிடப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. பாட்டுமா செத்துப்போச்சு என்று இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970களில் இந்த யோசனையை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். மனம் சோர்வதால் ஆள் முடங்குகிறார். முடங்குவதால் அன்றாடம் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன நிறைவுகள் நின்றுபோகின்றன. அவை நின்றதால் மனம் இன்னும் சோர்கிறது. இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது? மனதில் தொடங்காமல் செயலில் தொடங்கலாம் என்பது அவர் வழி. ஆர்வம் வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. சின்னதாக ஒன்றைச் செய்துவைப்பது, ஆர்வம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் காரியம் நடந்திருக்கும். இன்று இது நிலைபெற்ற சிகிச்சை முறைகளில் ஒன்று. மதுரையில் நான் பார்க்கும் மருத்துவர் இந்தப் பெயரையெல்லாம் சொல்லவில்லை. "வேலைக்குப் போறீங்கல்ல, அங்க கை செய்யற ஏதாவது ஒண்ணை மட்டும் ஒழுங்கா செய்யுங்க. சந்தோஷமா இருக்கான்னு சோதிச்சுப் பாக்காதீங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த கட்டணம் தகும்.

நான் எடுத்துக்கொண்டது கவர். மருந்து போட்டுக் கொடுக்கும் காகிதக் கவர். 1-0-1 என்று எழுதுவதுதான் வழக்கம். படித்தவர்களுக்குப் புரியும், எங்கள் வரிசையில் வரும் பாட்டிமார்களுக்கு அது 101 ரூபாய் மொய். எனவே காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறைநிலா, சாப்பிட்ட பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. பால்பாயின்ட் பேனாவில் நாலு கோடு, அவ்வளவுதான். கூட்டம் நெருக்கும் நாளில் சூரியனுக்குக் கதிர் போட நேரம் இருக்காது. ஒருநாள் ஒரு பாட்டி கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் என்ன தாயி மொட்டைச் சூரியன்?" என்று கேட்டார். முன்னால் போனவருக்குக் கதிரோடு போட்டிருந்தேனாம். வாங்கி, கதிர் போட்டு, அவர் கேட்காமலேயே ஒரு மூக்கும் வைத்துக் கொடுத்தேன். அதைக் காட்டிக்கொண்டே அவர் வெளியே போனார். அன்று சாயங்காலம் பஸ்ஸில்தான் உறைத்தது, நான் சிரித்திருக்கிறேன். காலையில், எட்டு மணி சுமாருக்கு.

இப்படித்தான் அது வருகிறது, நேராக வருவதில்லை. தேடிப்போய் உட்கார்ந்தால் கிடைக்காது. வேறொன்றில் கை இருக்கும்போது பக்கவாட்டில் வந்து போய்விடும். அது போன பிறகு தெரிந்தால் போதும் என்று பழகிக்கொண்டேன்.

வேறு சில சந்தோஷங்களை வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அங்கிருந்துதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்தை எடுத்து வர வேண்டும். வந்ததைக் காலாவதித் தேதி பார்த்து அடுக்குவது என் வேலை. முதலில் காலாவதியாவது முன்னால், மற்றது பின்னால். மாதக் கடைசியில் பதிவேட்டில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றாக வரும்போது ஒரு நிம்மதி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என் தலைக்குள் எதுவும் கணக்குக்கு வராத காலத்தில் பாராசிட்டமால் மட்டும் கணக்குக்கு வந்தது. அப்புறம் குடற்புழு மாத்திரை நாள். அல்பெண்டசோல் சப்பித் தின்கிற மாத்திரை, இனிப்பாக இருக்கும். அம்மாவோடு வந்த ஒரு பொடியன் ஒன்றைத் தின்றுவிட்டு, "எனக்கு ரெண்டு புழு இருக்கு, இன்னொண்ணு தாங்க" என்றான். சாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு காய்க்கிற காலத்தில் மடியில் கட்டிக்கொண்டு வந்து கவுன்டர் வழியாக நீட்டுவார். அரசு ஊழியர் எதுவும் வாங்கக் கூடாது, சரிதான். வெள்ளரிப்பிஞ்சை லஞ்சக் கணக்கில் சேர்க்கிறவர் எதையும் தின்று பார்க்காதவர்.

இதை வைத்து, வேலை பார்த்தால் மனச்சோர்வு போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போகாது. என் வேலை என்னைக் குணப்படுத்தவில்லை. மாத்திரையும் மருத்துவரும் செய்த வேலையைக் கவுன்டர் செய்திருக்க முடியாது. வேலையே ஆளை நசுக்குகிற இடங்களும் உண்டு. நசுங்கியவரிடம் போய் உழைப்பின் பெருமையைப் பேசுவது அநியாயம். எனக்கும் போக முடியாமல் போன காலம் ஒன்று இருந்தது. விடுப்புக் கடிதத்தில் வைரல் காய்ச்சல் என்று எழுதச் சொல்லி அலுவலகத்திலேயே அறிவுரை வந்தது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒரு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு வியாதியின் பெயரை எழுத முடியவில்லை என்றால் வெளியே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர் எப்படிச் சொல்லுவார்? "அரசாங்க வேலை, சொந்த வீடு, உனக்கு என்ன குறை?" என்றும் கேட்டார்கள். குறை ஒன்றும் இல்லை. தைராய்டுக்கு மாத்திரை தின்கிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. சட்டம் வந்துவிட்டது, எங்கள் வராண்டாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

1996இல் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில், குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் எங்கள் ஊருக்கும் வருகிறார். அந்த நாட்களில் வரும் சீட்டுகள் எனக்கு முக்கியம். புளூவாக்ஸ்டின் எழுதியிருந்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும் என்று சொல்லுவேன். அமிட்ரிப்டிலின் என்றால் ராத்திரி, வாய் உலரும், தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இதெல்லாம் பாடத்தில் படித்தது. சீட்டில் இல்லாத ஒன்றும் சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரையில் தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும், பலனுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. பாதிப் பேர் நடுவில்தான் விட்டுவிடுகிறார்கள். "ஒரு வாரம் தின்னேன், வயித்தைப் பிரட்டுது, மருந்து கேக்கலை" என்பார்கள். கேட்கும், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்லும்போது என் குரலில் ஏதோ இருக்க வேண்டும்; "உங்க வீட்ல யாருக்கும் இருக்காம்மா?" என்று ஒரு அண்ணாச்சி சட்டென்று கேட்டுவிட்டார். "ஆமா" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

என் மாத்திரையை வெகுகாலம் மதுரையில், தெரியாத கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் கவுன்டரிலேயே சீட்டு நீட்டி வாங்குகிறேன். தம்பிதான் எடுத்துத் தருகிறான், வாய்விட்டு, மூன்று தடவை படித்து.

கவுன்டர் கண்ணாடியில் டெலிமானஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு வருகிறவர்கள் அந்த நினைப்போடு தனியாக உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நான் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை, எண் வேலை செய்கிறது என்பதைத் தவிர.

போன மாதம் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா ஒருவர் மறுபடி வந்தார். ஒரு மாதத்துக்கு மேலாகப் புளூவாக்ஸ்டின் சாப்பிடுகிறவர். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சந்தோஷமெல்லாம் ஒண்ணும் வரலைம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். கவரை வாங்கிப் பைக்குள் வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி, "நேத்து புளிக்குழம்புல உப்பு பத்தலைன்னு தெரிஞ்சுச்சு. எந்திரிச்சுப் போயி போட்டுக்கிட்டேன். முன்னெல்லாம் வச்சதைத் தின்னுட்டு எந்திரிப்பேன்" என்றார். டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்றேன். உப்புக் கதையெல்லாம் டாக்டரிடமா சொல்வார்கள் என்று கேட்டார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அப்படியே ரெண்டு அட்டை சத்து மாத்திரையும் போடச் சொன்னார். சீட்டில் எழுதவில்லையே அக்கா என்றேன். "எழுதலைன்னா என்ன, அந்தா அலமாரியில இருக்குல்ல?" என்றார். பின்னால் வரிசை சலசலத்தது. மாதக் கடைசி வேறு, பதிவேடு இடிக்கும். உள்ளே போய் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், உப்பு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.