படுவான்கரையில் ஒரு தேர் நாள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது படுவான்கரை. நான் எழுவான்கரைக்காரி, ஊர் ஆரையம்பதி. எங்கள் பக்கம் கடல் மணலும் தென்னையும். வயலும் குளமும் மாடும் அந்தப் பக்கம். அங்கிருந்து நெல்லும் தயிரும் வரும், இங்கிருந்து மீன் போகும். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை இரண்டு கரைகளையும் இணைத்தது ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக நகரும் அந்த மிதவையில், படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலின் தேர் நாளன்று கால்வைக்க இடமிருக்காது. அம்மா என் கையை விடமாட்டார். வாவி நடுவில் யாராவது ஒருவர் “அரோகரா” என்பார், எல்லோரும் பின்னால் சொல்வார்கள். இப்போது பாலத்தைத் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. வசதிதான், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அந்த அரோகரா சொல்வதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது.

இம்முறை மருமகனின் முச்சக்கர வண்டியில் நான், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் புறப்பட்டோம். இவர், என் கணவர், வரவில்லை. வாவிக்கரையில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிட்டால் சிவனுக்குத் தெரியாதா என்பது இவருடைய வாதம். முழங்கால் வலிக்கிறது என்று நேராகச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் போலும்!

பாலம் கடந்து சிறிது தூரத்தில் மகிழடித்தீவு. 1987 தை மாதத்திலும் 1991 ஜூன் மாதத்திலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொல்லப்பட்ட மக்களை நினைக்காமல் இவ்வழியே போக என்னால் முடிவதில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன், எனக்கு ஒரு குறையுமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல இந்தத் தெருவில் எனக்குக் கூச்சம் வரும். என்னைப் போலவே பிள்ளை வளர்த்த தாய்மார்தான் அவர்களும். பேத்தி ஏதோ கேட்டாள். வளர்ந்த பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் இதை மறக்கமாட்டாள், ஒருநாள் சொல்லத்தான் வேண்டும்.

கோயில் வீதியில் சனம் நிறைந்திருந்தது. பொரி, கச்சான், வளையல், பலூன். தாகசாந்திப் பந்தலில் சர்பத் கொடுத்தார்கள். இனிப்பு கொஞ்சம் தூக்கல். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்ததால் வெயில் ஏறிய மணல் காலைச் சுட்டது.

கொக்கட்டி மரத்தடியில் தானாகத் தோன்றிய லிங்கம் என்பதால் சுவாமிக்குத் தான்தோன்றீஸ்வரர் என்று பெயர். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது நந்தியின் கதைதான். போர்த்துக்கேயத் தளபதி ஒருவன் கோயிலை இடிக்க வந்தானாம். இந்தக் கல்மாடு புல் தின்னுமா என்று எள்ளினானாம். பூசகர் புல்லை நீட்ட, நந்தி எழுந்து தின்றுவிட்டுச் சாணமும் போட்டதாம். அவன் மிரண்டுபோய்த் திரும்பினானாம். அம்மா எனக்குச் சொன்னபோது சாணம் வரும் இடத்தில்தான் நான் சிரித்தேன். பேத்தியும் அதே இடத்தில் சிரித்தாள். பிறகு நந்தியைச் சுற்றிவந்து உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, இப்போது ஏன் தின்னவில்லை?” என்றாள்.

“இப்போது யாரும் கேட்கவில்லையே” என்றேன்.

“நான் கேட்கட்டுமா?”

மகள் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்க விட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம். ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்தவள் நான். கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்கும்போதெல்லாம் என் கை பதறும்.

சந்நிதியில் எங்களுக்கு முன்னால் ஒரு தாய் பூசைத்தட்டில் பூவோடு பேனாவையும் வைத்திருந்தார். அருகில் பத்து வயதுப் பையன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைதான்; வேறென்ன? அந்த வகுப்புக்கு நானும் படிப்பித்தவள். பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகளின் முகத்தில் விளையாட்டு ஒழிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காக வீட்டில் பேச்சு வாங்கிய பிள்ளை, அதே கோயிலுக்கு அடுத்த வருடம் வர வெட்கப்பட்டதும் தெரியும். கடவுளைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு மேலதிகாரியாக்கி வைத்திருக்கிறோம். எங்கள் அம்மா கோயிலுக்குக் கூட்டிவந்தால், “கும்பிடு” என்று மட்டும்தான் சொல்வார். இன்னதைக் கேள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலோ என்னவோ, கண்ணை மூடினால் எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றுவதில்லை. இவருடைய முழங்காலை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. கோயில் உரிமைகளும் குடிமுறைப்படிதான். வீடும் அப்படியே. மகளுக்குக் கல்யாணம் என்றால் தாயிருக்கும் வீடு மகளுடையதாகும், மாப்பிள்ளை அங்கே வருவார். எனக்குக் கல்யாணமானபோது அம்மாவும் அப்பாவும் அதே வளவின் மூலையில் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்குப் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா தனக்கென்று ஓர் அடுப்பை மூட்டினார். அதன்பின் என் குசினிக்குள் வந்தாலும் வாசலில் நின்றுதான் பேசினார். சொந்தக் கையால் மெழுகிய தரைதானே, உள்ளே வந்தால் என்ன என்று நான் கோபித்ததுண்டு. “உன் குசினி” என்பார். அவ்வளவுதான்.

இப்போது அந்த வீடு என் மகளுடையது. நாங்கள் இருவரும் பின்வளவில் இரண்டு அறையோடு இருக்கிறோம். பென்சன் வருகிறது, கிணறு பொது, முருங்கை என் பக்கம். மூத்த மகன் கல்லடியில் மனைவி வீட்டில் இருக்கிறான், இளையவன் கனடாவில். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்களே, பயமில்லையா என்று கேட்கிறார்கள். பயம் இருந்தது. மகள் சுவரின் நிறத்தை மாற்றிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் வாசலில் நின்றபடியே, நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். நிறம் இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வழக்கத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். மகளுக்கு ஒரு கல்வீடு கட்ட வேண்டும் என்பதற்காகவே மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். தலை சீவாமல் வருவார்கள். அம்மா எப்போது வருவார் என்று கேட்டால், கூரை போட்டதும் என்பார்கள். வீடு எழும்பியது, பிள்ளை வளர்ந்ததைப் பார்க்கத் தாய் இல்லை. அரைகுறைச் சுவரோடு நிற்கும் வீடுகளில் முப்பதைக் கடந்த பெண்கள் காத்திருப்பதையும் காண்கிறோம். தாய் விரும்பிக் கொடுப்பது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் அளவுநாடாவோடு வந்து கேட்பது இன்னொன்று. இரண்டையும் சீதனம் என்றே சொல்லிவிடுகிறோம்.

வடம் பிடிக்கும் நேரம் நெருங்கியது. இந்தக் கோயில் என்றாலே தேர்தான். சனம் ஒரே மூச்சில் இழுக்க, மணலில் சக்கரம் அசைந்து தேர் நகர்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் வடத்தில் கைவைத்தாள். பேத்தி அவளுடைய சேலையைப் பிடித்திருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அழைப்பு. “அம்மா, தேரைக் காட்டுங்கள்” என்றான் சின்னவன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. எனக்குத் தொலைபேசியைச் சரியாகத் திருப்பத் தெரியாமல் பக்கத்தில் நின்றவரின் தோளைத்தான் அவன் நிறையப் பார்த்திருப்பான். அங்கே வந்துவிடுங்கள் என்று வழக்கம்போலச் சொன்னான். வருகிறேன், பனி குறையட்டும் என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

திரும்பும் வழியில் தெருவோரம் தயிர்ச்சட்டிகள் அடுக்கியிருந்தன. படுவான்கரைக்குப் போய் எருமைத்தயிர் இல்லாமல் திரும்பினால் இவர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். இரண்டு சட்டி எடுத்துக்கொண்டு மணிப்பையைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

“வையுங்கள் அம்மா. இப்போது வீட்டுக்காரி நான்தானே.”

பையை மூடிவிட்டேன். சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கு, போனமுறை கீறல் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.