அரசியல் யாப்பு எழுதும்போது யார் இருந்தது?

தேத்தண்ணிக் கடையில் அரசியலமைப்பு என்று கதை எடுத்தால் கிளிநொச்சியில் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள், எனக்கோ அது ஒரு பைத்தியம். கிழக்குத் திமோரில் 2001இல் சனம் வாக்குப் போட்டு 88 பேரை அனுப்பி யாப்பை எழுதுவித்தது, 2002 மே 20இல் நாடும் சுதந்திரமானது. ஜனாதிபதியைச் சனமே தெரிவு செய்யும், ஆனால் அன்றாட ஆட்சி பிரதமர் கையில். நல்ல ஏற்பாடு!

எங்களிடம், சுதந்திரத்தோடு இலங்கைக்கு வந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமாகச் சட்டம் போடாதே என்றது. புது யாப்பு எழுதிய சபையில் கூட்டாட்சியும் மொழி உரிமையும் எடுபடாமல் தமிழரசுக் கட்சி 1971இல் வெளியேறியது, 1972இல் அந்தப் பிரிவும் போய்விட்டது. அப்புறம் 1978 யாப்பு, அதிகாரம் முழுக்க ஜனாதிபதி என்ற ஒரே கதிரையைச் சுற்றி. சரி, மாகாண சபை? அதைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் வந்தது 1987இல், வடக்குக்கென்று தனியாகத் தேர்தல் நடந்ததோ 2013இல்.