எடுத்து வைத்த பக்கம்

கச்சத்தீவு மனு என்றால் முதல் வரியில் 285 ஏக்கர், அடுத்த வரியில் 1974, மூன்றாவது வரியில் "மீட்க வேண்டும்". தில்லியில் தமிழ் அமைப்புகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு இது கைப்பழக்கம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் எழுதிய மனுவில் அந்த மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று போட்டேன்.

கையெழுத்து வாங்கும்போது, ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரரான பெரியவர் ஒருவர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"தம்பி, தீவைக் காணோமே?"

"ஐந்தாம் பிரிவுக்குள்ளதான் இருக்குங்கய்யா. நம்ம ஆளுங்க விசா இல்லாம போய் இறங்கலாம், வலை காயப்போடலாம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம்."

"நைலான் வலையை எவன் காயப்போடுறான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் நனைந்த வலையை வெயிலில் விரிக்காவிட்டால் இற்றுப்போகும். நடுக்கடலில் அப்படி விரித்துப்போட ஒரு திட்டு வேண்டியிருந்தது. நைலான் வந்த பிறகு வலையைப் படகிலேயே குவித்துக்கொண்டு திரும்புகிறார்கள். "இதுவரை இருந்ததைப் போல" தீவுக்குப் போய்வரலாம் என்றுதான் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இளைப்பாறுவது, வலை உலர்த்துவது, திருவிழாவுக்குப் போவது ஆகியவை அதில் அடங்கும், மீன்பிடிப்பது அடங்காது என்பது இந்திய அரசே சொல்லிவரும் விளக்கம். ஆறாம் பிரிவில் படகுகளின் மரபுரிமை பற்றி ஒரு வரி உண்டு. ஆனால் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதம், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்று முடித்துவிட்டது. இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் இந்தப் பக்கமே போய்விடுகிறது. இவ்வளவும் தெரிந்துதான் "உள்ளதான் இருக்கு" என்று அவரிடம் சொன்னேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். "மீட்க" என்ற சொல்லோடு போகும் மனு எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை மனுவாகக் கொண்டுவர மக்களவை விதி 160 இடம் தராது. கச்சத்தீவு வழக்கு 2008-ல் ஜெயலலிதா போட்டது. 2011-ல் தமிழக வருவாய்த் துறை சேர்ந்துகொண்டது, 2013-ல் கருணாநிதியும் போனார். கேள்வி நேரத்துக்கும் இதே தடைதான். இந்திய மண்ணை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பேருபாரி நிலப்பகுதி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-ல் தந்த கருத்துரை சொல்கிறதே என்பார்கள். கச்சத்தீவு இந்திய மண்ணாக வரையறுக்கப்பட்டதே இல்லை, அதனால் கொடுத்ததாகாது என்பது அரசின் வாதம். அந்தச் சண்டை நடக்க வேண்டிய இடம் உச்ச நீதிமன்றம், மக்களவையின் மனுக்குழு அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அரசிடம் அதன் ஒரு பிரிவைச் செயல்படுத்து என்று கேட்டால், கோப்பு ஒரு மேசையிலாவது திறக்கும். இதை இன்றும் நம்புகிறேன்.

மற்ற விதிகள் சின்னவை, ஆனால் மனுவைத் திருப்பி அனுப்பப் போதுமானவை. மனு அவைக்கு முகவரியிடப்பட வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து போக வேண்டும், அதிலும் கையெழுத்து வேண்டும். உறுப்பினர் ஒருவர் வழியாகக் கொடுத்தால் அவரும் கையெழுத்திட்டு மேலொப்பம் தர வேண்டும். இணைப்பு எதுவும் கூடாது. நம்மவர்கள் வரைபடமும் பத்திரிகைத் துண்டும் குத்தி அனுப்பி அதிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

தேர்தல் நேரத்தில் அவை கூடுவதில்லை. அதனால் வேட்பாளரிடம் எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்குவது, ஜெயித்தால் அதைக் காட்டி மேலொப்பம் கேட்பது என்பது திட்டம். வேட்பாளர் அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஓட்டு, எந்த பூத்?" ஆர்.கே.புரமும் கரோல்பாகும் புது தில்லித் தொகுதி, ஜனக்புரி மேற்கு தில்லி, மயூர் விகார் கிழக்கு தில்லி. மொத்தமாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும் தமிழர் எண்ணிக்கை, தொகுதிவாரியாகப் பிரித்ததும் கரைந்துவிடும். ஆதரவு அறிக்கை அச்சடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். "தமிழர் ஓட்டு இவருக்கே" என்று மட்டும் போட்டுவிடக் கூடாது. வேட்பாளர் சம்மதத்தோடு மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-ன்படி முறைகேடு. வாக்காளரின் மொழியும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அறிக்கையில் கோரிக்கை இருக்கலாம், யார் என்ன மொழி என்பது இருக்கக்கூடாது.

அந்த ஏப்ரலில் கச்சத்தீவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பிரதமர் மார்ச் 31 அன்று பதிவு போட்டார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்களும் 1,175 படகுகளும் இலங்கையிடம் பிடிபட்டதாகக் கணக்குச் சொன்னார். யார் கொடுத்தார்கள் என்று பேச எல்லோரும் தயாராக இருந்தார்கள். எழுதித் தரத்தான் தயங்கினார்கள்.

இந்த நிலையில்தான் அந்தப் பக்கம். பெரியவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்திலேயே தமிழில் "தீவு எங்கள் மண்" என்றும் எழுதினார். மேலே நிதானமான வாசகம், கீழே இது. இதோடு போனால் வேட்பாளர் மீட்புக்கே ஆதரவு தந்ததாக யாராவது படம் எடுத்துப் போடுவார்கள், கடிதம் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். அந்தத் தாளில் மொத்தம் 11 கையெழுத்து. தாளையே எடுத்து வைத்தேன். மீதி 214 கையெழுத்தோடு மனு போனது.

மற்ற பத்துப் பேரிடம் வேறு தாளில் மறுபடி வாங்கியிருக்கலாம். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மாலை போதும், ஜனக்புரிக்குள்ளேயே எல்லோரும் இருந்தார்கள். அவர்களிடம் போனால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் காரணம்.

அவர் எழுதியதும் முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. படகுகள் பிடிபடும் இடம் பெரும்பாலும் தீவைத் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம். தீவு நாளைக்கே திரும்பினாலும் கோடு கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். கடலடியை அரித்து இழுக்கும் நம் இழுவைமடிப் படகு போன தடத்தில் யாழ்ப்பாணத்துச் சிறுபடகுக்காரரின் வலை அறுந்து போகிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அந்த வலைக்காரரும் தமிழர்தான், நம் மனுவில் அவருக்கு ஒரு வரி கிடையாது. பெரியவரின் சொல்லை வெட்டியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெட்டிய இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரரை நான் எழுதவில்லையே. வேட்பாளரின் வசதியைத்தான் எழுதினேன்.

கடிதம் வந்தது. "மீனவர் நலனில் அக்கறை கொண்டுள்ளேன்" என்று இரண்டு வரி. ஐந்தாம் பிரிவு அதில் இல்லை.

வாக்குப்பதிவு முடிந்த வாரம் பெரியவர் போன் செய்தார்.

"மனு போச்சா தம்பி?"

"போயிருச்சுங்கய்யா."

"எத்தனை பேர் போட்டிருந்தோம்?"

"இருநூத்துச் சொச்சம்" என்றேன்.