மீசை முளைத்த சாம்பியன்

எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு ஏழாம் வகுப்பிலேயே மீசை அரும்பிவிட்டது. 13 வயதுக்குட்பட்டோர் நீச்சலில் அவனை வெல்லக் கொழும்பிலேயே ஆள் இல்லை என்பதுதான் எங்கள் பேச்சு. சுகததாச தடாகத்தில் போட்டிக்கு வரிசையாக நிற்கும்போதே மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். அவனுடைய அப்பா கிண்ணங்களை அலுமாரியில் அடுக்கி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

உண்மையைச் சொன்னால் அவன் நீந்துவது வடிவாக இருக்காது. கால் உதைப்பு பலவீனம். சுவரில் திரும்பும்போது நேரம் போகும். தோள் பலம் எல்லாவற்றையும் மறைத்தது. வெல்கிறவனிடம் போய்த் திருத்து என்று யார் சொல்வது? எங்கள் நீச்சல் ஆசிரியர் சொன்னார். ஸ்டொப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "25 மீற்றருக்கு எத்தனை கை போட்டாய்?" என்றுதான் கேட்பார். 22 என்றால், "20இல் வந்து காட்டு" என்பார். எங்களுக்கு அது நல்ல விளையாட்டு. எண்ணிப் பார்ப்பதெல்லாம் தோற்கிறவர்களின் வேலை என்பது சாம்பியனின் எண்ணம்.

15 வயதுப் பிரிவுக்குப் போனபோது எல்லோருக்கும் மீசை வந்துவிட்டது. அவன் வேகம் குறையவில்லை; மற்றவர்கள் வளர்ந்து கிட்ட வந்துவிட்டார்கள். முதலில் வெள்ளி, அப்புறம் இறுதிப் போட்டிக்கே தெரிவாகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கான டியூஷன் நல்ல சாட்டாகக் கிடைக்க, விடியற்காலைப் பயிற்சியை விட்டான். அவனில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரில் வெற்றியைத் தவிர வேறு எதையும் தேட அவனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லையே! எப்போதும் நாலாவதாக வந்த, கை எண்ணுவதில் பைத்தியமான இன்னொருவன்தான் 19 வயதுவரை நீந்தி அணித் தலைவனானான்.

இங்கிலாந்துக்கு வந்தபின், பிளிமத்தில் பயிற்சி பெற்ற லித்துவேனியப் பெண் ரூட்டா மெய்லுட்டீட்டேயைப் பார்த்தபோது அவன் ஞாபகம் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 15 வயதில் 100 மீற்றர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தங்கம். அடுத்த ஆண்டு உலக சாதனை. 2019இல், 22 வயதில் விலகிவிட்டார். ஊக்கமருந்துப் பரிசோதனைகளைத் தவறவிட்டதற்கு இரண்டு ஆண்டுத் தடையும் வந்தது. மனச்சோர்வோடு பட்ட பாட்டை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஆனால் திரும்பி வந்தார். 2023இல் ஃபுகுவோகா உலகப் போட்டியில் 50, 100 மீற்றர் இரண்டிலும் தங்கம். 50 மீற்றரில் 29.16 செக்கன், உலக சாதனை. எங்கள் சாம்பியனுக்கு அப்படித் திரும்பி வர ஒரு வழி இருந்திருக்குமா என்று சிலவேளை யோசிப்பேன்.

இந்த வருடமும் நம் பழைய மாணவர் சங்கம் கல்லூரியின் 13 வயதுப் பிரிவுக்குக் கிண்ணம் அனுப்புகிறது. அதை 17 வயதில் தன் பழைய நேரத்தை அதிகம் குறைத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். கணக்குப் பார்ப்பது கஷ்டம் என்கிறார் பொருளாளர். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.